எலும்பு மில்லில் ஏறிய ஒற்றைப் பயணி

வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்த அந்தக் காலையில், பஸ் கழகத்தின் கட்டணச் சீரமைப்பு அதிகாரியின் அறைச் சுவரில் ஒரு மழைக்கோட்டு தொங்கிக்கொண்டிருந்தது. அதன் பையிலிருந்து ஒரு கறுப்புக் கண்ணாடி எட்டிப் பார்த்தது.

"மேடம் ரொம்ப முன்ஜாக்கிரதை," என்று முணுமுணுத்தான் மாப்பிள்ளை. "அடுத்த வருஷ மழைக்கு இப்பவே தயார்."

"மாப்ள, நாம தொழில் பண்ண வந்திருக்கோம்," என்றார் அத்தை. "வாயைக் கொஞ்ச நேரம் ஓரமா வைங்க."

மருமகனை மரியாதை குறையாமல் திட்டுவது அத்தைக்குக் கைவந்த கலை. பஸ் கழகத்தில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். ஓய்வு பெற்றால் மற்றவர்கள் செடி வளர்ப்பார்கள். அத்தை வீட்டு முன்னறையில் 'துப்பறியும் நிலையம்' என்று பலகை மாட்டினார். வேலை பார்த்த கம்பெனி இழுத்து மூடப்பட்டதால் மாமியார் வீட்டோடு வந்து சேர்ந்திருந்த மாப்பிள்ளை, அங்கே உதவியாளரானான். சம்பளம் மூன்று வேளைச் சாப்பாடு, போனஸ் அறிவுரை. கல்யாணமான நாளிலிருந்து அத்தை வாயால் ஒரே ஒரு நல்ல வார்த்தை வாங்கிவிட வேண்டும் என்பது அவனுடைய ஆசை. அது இன்னும் பாக்கியாகவே இருந்தது.

எதிரே உட்கார்ந்திருந்த அதிகாரி சின்ன வயசுக்காரி. தூங்கிப் பல நாளான கண்கள்.

"போன வருஷம் வரைக்கும் நம்ம கட்டணப் பலகை இந்தச் சுவர் முழுக்க இருந்துச்சு," என்றாள். "ஜன்னலோரம் உக்காந்தா தனிக் கட்டணம். கூடை வச்சிருந்தா தனி. கூடைக்குள்ள கோழி இருந்தா தனி. கோழி தூங்கிட்டிருந்தா பாதி."

"தூங்குதான்னு யாரு பாக்கறது?" என்று கேட்டான் மாப்பிள்ளை.

"கண்டக்டர் தட்டிப் பாக்கணும்."

"தட்டினா முழிச்சுக்குமே."

"அதனாலதான் இதுவரைக்கும் ஒரு கோழிக்கும் பாதிக் கட்டணம் கிடைக்கல." அவள் சிரிக்கவில்லை. "எல்லாத்தையும் தூக்கிட்டு, எங்க ஏறினாலும் எங்க இறங்கினாலும் ஒரே கட்டணம்னு கொண்டு வந்தேன். ஆனா பழைய கட்டணத்தை நினைச்ச மாத்திரத்துல அடிச்சுட முடியாது. ஒரு மாசம் முழுக்க அந்தக் கட்டணத்துல ஒரு டிக்கெட்கூட விக்காம இருந்தாத்தான் அது செத்ததா அர்த்தம். ஒரே ஒரு டிக்கெட் வித்தாலும் அது உயிரோட இருக்கு. அதுதான் கழகத்து விதி."

"சரி, எத்தனை செத்துச்சு?"

"ஒண்ணைத் தவிர எல்லாம்."

பின்னால் இருந்த புதுப் பலகையைக் காட்டினாள். மேலே கொட்டை எழுத்தில் 'ஒரே கட்டணம்' என்று இருந்தது. அதற்குக் கீழே, விருந்து முடிந்தும் கிளம்பாத உறவுக்காரரைப் போல ஒரு வரி உட்கார்ந்திருந்தது. 'எலும்பு மில் நிறுத்தம்: போக இலவசம். திரும்ப மும்மடங்கு.'

"ஒவ்வொரு மாசமும் கடைசி நாள், மத்தியான பஸ்ல, யாரோ ஒருத்தர் எலும்பு மில்லுல ஏறி அந்த மும்மடங்கு டிக்கெட்டை வாங்கறாங்க. ஒரே ஒரு டிக்கெட். அத்தோட இந்த வரிக்கு இன்னொரு மாசம் ஆயுசு." மேசை இழுப்பறையைத் திறந்து, ஊசியில் குத்தி வைத்திருந்த டிக்கெட்டுகளை எடுத்துப் பரப்பினாள். "இது போன மாசம் வித்தது. இது அதுக்கு முந்தின மாசம். ஆதாரம் இல்லாம நான் பேச மாட்டேன்."

அத்தை ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "எல்லாம் அசல் டிக்கெட்தான்," என்றார். அவருடைய புருவம் லேசாக ஏறி இறங்கியது. அவருக்குப் பசி வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டான் மாப்பிள்ளை.

"இன்னைக்கு மாசக் கடைசி. சாயங்காலம் பொது மேலாளர் பலகையைப் பாக்க வர்றார். ஒரே கட்டணம்னு சொல்லிட்டுக் கீழ ரெண்டாவது வரி இருந்தா, இந்தத் திட்டமே வேண்டாம், பழையபடி கோழியைத் தட்டுங்கன்னு சொல்லிட்டார். என்னையும் மாத்திடுவார்."

"எங்க?" என்றார் அத்தை.

அதிகாரி எழுந்துபோய்ப் பக்கத்துக் கதவைத் திறந்தாள். உள்ளே தரையிலிருந்து கூரை வரை குடைகள். பஸ்களில் ஜனங்கள் மறந்துவிட்டுப் போன அநாதைக் குடைகள்.

"இதையெல்லாம் எண்ணணும். ஏற்கனவே இங்க மாத்தின ஒருத்தர் உள்ளதான் இருக்கார்."

குடைகளுக்கு நடுவே எங்கிருந்தோ ஒரு தும்மல் கேட்டது. அதிகாரி கதவைச் சாத்தினாள். "யாரோ வேணும்னே எனக்குக் குழி பறிக்கறாங்கம்மா. நானும் சும்மா இல்ல, என் வழியில கண்காணிச்சுட்டுத்தான் இருக்கேன். பிடிபடல." அவள் குரல் உடைந்தது. மாப்பிள்ளைக்கு அவள்மேல் இரக்கம் வந்தது. வேலை போனவனுக்கு வேலை போகப்போகிறவளின் முகம் நன்றாகவே தெரியும்.

"இன்னைக்கு அந்த டிக்கெட் விக்காது," என்று சொல்லிவிட்டு எழுந்தார் அத்தை.

எலும்பு மில் போகும் பஸ்ஸில் நிற்க இடமில்லை. இலவசம் என்பதால் டிக்கெட்டே கிடையாது. ஏறியவர்களில் பாதிப் பேர் கன்னத்தைக் கையில் தாங்கியிருந்தார்கள்.

"என்ன அத்தை, ஊரே சோகமா இருக்கு?"

"எலும்பு மில்லை மூடி ரொம்பக் காலமாச்சு மாப்ள. இப்ப அதுல பல் ஆஸ்பத்திரி நடக்குது."

"எலும்புத் தொழிலைக் கைவிடல," என்றான் மாப்பிள்ளை.

அத்தை கம்பியைப் பிடிக்காமல் நடு பஸ்ஸில் நேராக நின்றார். வண்டி குலுங்கியது, அவர் குலுங்கவில்லை. அவருடைய உத்தியோக வாழ்க்கைக்கு இரண்டே சட்டங்கள். டிக்கெட் வாங்காமல் பஸ்ஸில் ஓர் அடிகூடப் போகக்கூடாது என்பது ஒன்று. நிறுத்தம் தாண்டிப் போன டிக்கெட் டிக்கெட்டே இல்லை, அதை ரத்து செய்து அபராதம் போட வேண்டும் என்பது இன்னொன்று. ஒருமுறை தூங்கிப்போய் நிறுத்தத்தைத் தாண்டிவிட்ட பயணியை எழுப்பி, அது தன் சொந்தக் கணவர் என்று தெரிந்த பிறகும் அபராதம் போட்டவர் அவர். மாமா இன்றுவரை அந்தப் பஸ் போகும் தெருவில் நடப்பதில்லை.

"எனக்கு இந்தக் கேஸ் பாதி விளங்கிடுச்சு அத்தை," என்றான் மாப்பிள்ளை. "இந்தக் கட்டணத்தைப் போட்டவன் ஒரு மருமகன். மாமியார் வீடு எலும்பு மில்லுல. மாமியாரை ஊருக்குத் திருப்பி அனுப்ப இலவசம், மறுபடி கிளம்பி வந்தா மும்மடங்கு. வேற யாருக்கு இவ்வளவு அறிவு வரும்?"

"நீங்க கழகத்துல வேலைக்குச் சேராதது கழகம் செஞ்ச புண்ணியம்," என்றார் அத்தை. "மில்லுல எலும்பு அரைச்சு உரம் பண்ணின காலத்துல அந்த நாத்தத்துக்கு வேலைக்கு ஆளே வர மாட்டான். அதனால போக இலவசம். வந்தவன் சாயங்காலம் அதே நாத்தத்தோட பஸ்ல ஏறினா மத்தவங்க இறங்கி ஓடுவாங்க. அதனால திரும்ப மும்மடங்கு. அடுத்த நிறுத்தம் தண்ணீர்த் தொட்டி, கூப்பிடு தூரம். காத்தாட நடந்து போய் அங்க ஏறட்டும்னு விட்டுட்டாங்க. நாத்தம் போச்சு. கட்டணம் போகல."

இதற்குள் கண்டக்டர் நெரிசலைப் பிளந்துகொண்டு வந்துவிட்டார். கழுத்தில் டிக்கெட் மெஷின் தொங்கியது. அத்தையைப் பார்த்ததும் அவர் கை தானாகச் சட்டைப் பொத்தானைச் சரி செய்தது.

"செக்கிங்கம்மா, நீங்க ரிட்டையர் ஆகிட்டீங்கல்ல?" என்று கேட்டார், ஆமாம் என்று சொல்லிவிடுங்கள் என்ற தொனியில்.

"ஆகிட்டேன். மாசக் கடைசியில எலும்பு மில்லுல மும்மடங்கு டிக்கெட் வாங்கற ஆள் யாரு?"

"அதுவா? முகமெல்லாம் மூடியிருக்கும்மா. ஆனா விஷயம் தெரிஞ்ச ஆளு. எவ்வளவுன்னு கேக்காது, சில்லறையைச் சரியா நீட்டும். போன தடவை நான் மெஷின்ல அந்தக் கட்டணத்தைத் தேடிட்டு முழிக்கறேன், எந்தப் பட்டனை அழுத்தணும்னு அதுவே சொல்லிக் கொடுக்குது. டிக்கெட் கைக்கு வந்ததும் அதை உத்துப் பாத்து ஒரு பெருமூச்சு. அந்த டிக்கெட் தண்ணீர்த் தொட்டி வரைக்கும்தானே, அங்க இறங்கிடும்."

"பட்டனே தெரிஞ்சிருக்கா," என்றார் அத்தை மெதுவாக.

"அப்ப கழகத்து ஆள்தான் அத்தை. இந்த கண்டக்டர் மேலேயே எனக்குச் சந்தேகம்," என்றான் மாப்பிள்ளை. கண்டக்டர் அவனை முறைத்துவிட்டுப் பின்பக்கம் போனார்.

எலும்பு மில் நிறுத்தத்தில் பஸ் காலியானது. வண்டியைத் திருப்பி நிறுத்திவிட்டு ஓட்டுநர் தண்ணீர் குடிக்கப் போனார். பல் ஆஸ்பத்திரி வாசலிலிருந்து, சிகிச்சை முடிந்தவர்கள் வாய் நிறையப் பஞ்சோடு வரிசையாக வெளியே வந்து, யாரும் சொல்லாமலே தண்ணீர்த் தொட்டிப் பக்கம் நடக்க ஆரம்பித்தார்கள். மும்மடங்கு கொடுத்து ஏற அவர்களுக்கென்ன பைத்தியமா. வலித்தது பல்தானே தவிர மூளை இல்லை.

நிறுத்தத்துப் பெஞ்சில், வீங்கிய கன்னத்தோடு ஒரு பெரியவர் இளைப்பாறிக்கொண்டிருந்தார். மாதா மாதம் சிகிச்சைக்கு வருகிறவர் என்பதைக் கையிலிருந்த கசங்கிய சீட்டு சொன்னது. அத்தை அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஐயா, மாசக் கடைசியில இங்கேருந்து பஸ் ஏறற ஆள் ஒருத்தர் உண்டே. பாத்திருக்கீங்களா?"

பெரியவர் பலமாகத் தலையாட்டினார். பேச வாயைத் திறந்து, பஞ்சு நினைவுக்கு வந்து மூடிக்கொண்டார். பிறகு கைகளைத் தலைக்கு மேலே தூக்கி, விரல்களை ஆட்டி ஆட்டிக் கீழே இறக்கினார்.

"பியானோ வாசிக்கறவர்," என்றான் மாப்பிள்ளை.

பெரியவர் இல்லையென்று கையை உதறினார். மறுபடி விரல்களை மேலிருந்து கீழே இறக்கினார்.

"தலைமுடி கொட்டின ஆளு."

அவர் பல்லைக் கடிக்க முயன்று, வலியில் துடித்து, மூன்றாவது முறையாக விரல்களை இறக்கினார். பிறகு இரண்டு தோளையும் தொட்டு, முழங்கால்வரை கையை இழுத்து, மார்பில் பொத்தான் போட்டுக் காட்டினார்.

"குளிச்சுட்டுத் துண்டு கட்டிட்டு வர்றவர். அத்தை, அடையாளம் சுலபம்."

அத்தை எழுந்து நின்றுவிட்டார். "மேலேருந்து விழறது மழை. மேல மாட்டறது கோட்டு. மாப்ள, நான் ஒண்ணு கேக்கறேன், விளையாடாம பதில் சொல்லுங்க. பயணி வாங்கின டிக்கெட் கடைசியில யாருகிட்ட இருக்கும்?"

"பயணிகிட்டதான். மெஷின்ல கணக்கு மட்டும் நிக்கும்."

"அப்ப அந்த மும்மடங்கு டிக்கெட் அந்தப் பொண்ணு மேசைக்கு எப்படி வந்துச்சு?"

மாப்பிள்ளைக்கு அந்த அறைச் சுவரில் தொங்கிய மழைக்கோட்டு நினைவுக்கு வந்தது.

அந்த நேரம் பார்த்து பஸ் ஹார்ன் அடித்தது. ஆஸ்பத்திரிச் சுவர் ஓரமாக, கொளுத்தும் வெயிலில், கறுப்புக் கண்ணாடியும் முகத்தை மூடிய துணியுமாக ஒரு மழைக்கோட்டு பஸ்ஸை நோக்கி வேகமாக நடந்து வந்துகொண்டிருந்தது. அதன் உள்ளங்கையில் சில்லறை எண்ணி வைத்துத் தயாராக இருந்தது.

"மாப்ள, பஸ்ஸைப் பிடிச்சு நிறுத்துங்க. நான் அவளைப் பாத்துக்கறேன்," என்று சொல்லிக்கொண்டே அத்தை ஓடினார். அத்தை ஓடி மாப்பிள்ளை பார்த்ததே இல்லை. டிக்கெட் வாங்காத பயணிகள் அந்தக் காலத்தில் அவரைக் கண்டு ஏன் பயந்தார்கள் என்பது அந்த ஓட்டத்தில் தெரிந்தது.

அவன் ஒரே தாவலில் பின்படியில் ஏறி, "அண்ணே, கொஞ்சம் இருங்க, கேஸ் நடக்குது," என்றான். பஸ்ஸில் ஈ காக்கை இல்லை. கண்டக்டர் மட்டும் மெஷினோடு அவன் முன்னால் வந்து நின்றார். ஜன்னல் வழியாக வெளியே நடப்பதை எட்டிப் பார்த்தபடியே அவன் கண்டக்டரோடு இரண்டு வார்த்தை பேசினான்.

வெளியே, படியில் வைக்கப் போன காலோடு மழைக்கோட்டை அத்தை கெட்டியாகப் பிடித்துவிட்டார். கறுப்புக் கண்ணாடி கீழே விழுந்தது. உள்ளே இருந்தது அதிகாரிதான்.

"விடுங்கம்மா, நான் சோதனைக்கு வந்திருக்கேன். இன்னைக்குக் கடைசி நாள்."

"என்ன சோதனை?"

"இந்த டிக்கெட்டை இன்னும் விக்கறாங்களா, இல்ல நின்னுபோச்சான்னு பாக்கணும்ல? ஒவ்வொரு மாசமும் நானே மாறுவேஷத்துல வந்து கேட்டுப் பாக்கறேன். ஒவ்வொரு தடவையும் கொடுத்துடறாங்க."

"கொடுத்ததை என்ன பண்ணுவே?"

"ஆதாரத்துக்காக வாங்கி வச்சுக்குவேன்." சொல்லிவிட்டு அதிகாரி நின்றாள். தன் வாயிலிருந்து வந்ததைத் தானே கேட்டுவிட்டவள் போல மெல்லத் துணியை முகத்திலிருந்து இறக்கினாள். "ஆனா நான் பயணி இல்லையே. நான் அதிகாரி. இது சோதனை டிக்கெட். இது கணக்குல வராது."

"அது உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். மெஷினுக்குத் தெரியுமா?"

அதிகாரி பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தாள். கட்டணம் செத்துவிட்டதா என்று மாதா மாதம் எழுப்பிப் பார்த்து, அவளே அதற்கு உயிர் கொடுத்திருக்கிறாள். பஞ்சு வாய்ப் பெரியவர் அவள் முதுகைத் தட்டிக் கொடுத்தார். அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

"அப்ப இன்னைக்கு நான் வாங்கலைன்னா?"

"இந்த மாசம் விக்கவே இல்ல. கட்டணம் போய்ச் சேந்துடும். நீ நேரா ஆபீசுக்குப் போய்ப் பலகையில அந்த வரியை அழிக்கச் சொல்லு," என்றார் அத்தை. முகத்தில் வெற்றிக் களை. "மாப்ள, இறங்கி வாங்க. கேஸ் முடிஞ்சது."

மாப்பிள்ளை இறங்கவில்லை. ஜன்னலில் அவன் முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

"அத்தை," என்றான். "நீங்க கோபப்படக் கூடாது."

"என்ன?"

"டிக்கெட் வாங்காம பஸ்ல ஓர் அடிகூடப் போகக்கூடாதுன்னு நீங்கதானே சொல்லிக்கொடுத்தீங்க. கண்டக்டர் வந்து நின்னார். வாங்கிட்டேன்." கையை வெளியே நீட்டினான். அதில் இரண்டு டிக்கெட்டுகள் படபடத்தன. "உங்களுக்கும் சேத்துதான் வாங்கினேன்."

இதுவரை மாதத்துக்கு ஒன்றுதான் விற்றது. அன்றைக்கு இரண்டு. அதிகாரி கண்ணை மூடிக்கொண்டாள். அவள் மனக்கண்ணில் குடைகள் தெரிந்திருக்க வேண்டும்.

"ரத்து பண்ணுங்க," என்றார் அத்தை கண்டக்டரிடம்.

"சும்மா பண்ண முடியாதும்மா. பயணி ஏதாவது தப்பு பண்ணினாத்தான் ரத்து பட்டனே வேலை செய்யும். நீங்கதானே அந்த விதியையே..." கண்டக்டர் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

அத்தை பஸ் போகும் திசையைப் பார்த்தார். அவர் மனசுக்குள் என்ன ஓடுகிறது என்பது மாப்பிள்ளைக்குப் புரிந்துவிட்டது. தப்பு என்றால் எது என்று அவருக்குத் தெரியும். வாழ்நாள் முழுக்க அதைப் பிடித்தவர் அவர்தான்.

"நீ நடந்து போம்மா," என்று அதிகாரியிடம் சொன்னார். "எந்தக் காரணத்துக்காகவும் இங்க ஏறிடாதே." பிறகு மருமகன் கையிலிருந்த டிக்கெட்டில் ஒன்றை வாங்கிக்கொண்டு, தலை நிமிர்ந்து படியேறினார்.

தண்ணீர்த் தொட்டி நிறுத்தம் வந்தது. அவர்கள் இறங்க வேண்டிய இடம். கண்டக்டர் விசில் கொடுக்காமல் அவரையே பார்த்தார். அத்தை சீட்டின் முன்கம்பியை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டார். பஸ்ஸில் அவர் கம்பியைப் பிடித்து மாப்பிள்ளை பார்த்தது அதுதான் முதல்முறை.

"போகலாம்," என்றார். பஸ் நகர்ந்தது. நிறுத்தம் பின்னால் போனது.

அடுத்த நிறுத்தத்தில் ஒரு பரிசோதகர் ஏறினார். அத்தையிடம் தொழில் கற்ற ஆள். கழகத்தில் அவருக்குக் குட்டிச் செக்கர் என்று பெயர். அத்தையைக் கண்டதும் மலர்ந்த அவர் முகம், டிக்கெட்டை வாங்கிப் பார்த்ததும் வெளிறியது.

"அக்கா, தண்ணீர்த் தொட்டி தாண்டிடுச்சே." குரலைத் தாழ்த்தினார். "வயசாகுது, மறந்திருப்பீங்க. நான் பாக்கவே இல்லன்னு வச்சுக்கறேன்."

மாப்பிள்ளைக்குத் தூக்கிவாரிப் போட்டது. இவர் மன்னித்துவிட்டால் டிக்கெட் பிழைத்துவிடும். கோழி, கூடை, எல்லாம் திரும்பி வந்துவிடும்.

"உனக்கு யாரு வேலை கத்துக்கொடுத்தது?" என்றார் அத்தை.

"நீங்கதான்க்கா."

"நான் யாரையாவது பாக்காத மாதிரி விட்டிருக்கேனா?"

"மாமாவையே விடலையே."

"அப்ப அபராதம் போடு. ரெண்டு பேருக்கும்."

குட்டிச் செக்கர் கண் கலங்கத் தலையசைத்தார். கண்டக்டர் ரத்து பட்டனை இரண்டு முறை அழுத்தினார். மெஷின் இரண்டு முறை கீச்சென்று கத்தி, விற்ற கணக்கைப் பூஜ்யமாக்கி ஓய்ந்தது. எலும்பு மில்லின் மும்மடங்குக் கட்டணம் அந்த நடு ரோட்டில் உயிரை விட்டது.

கடைசி நிறுத்தத்தில் அவர்கள் இறங்கி, திரும்பிப் போகும் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்திருந்தபோது அதிகாரி போனில் கூப்பிட்டாள். மேலாளர் பலகையைப் பார்த்துவிட்டாராம். ஒரே வரி. இவ்வளவுதானா என்று கேட்டாராம். இவ்வளவுதான் சார் என்று சொன்னாளாம். அழுகிறாள் என்பது மாப்பிள்ளைக்குத் தெரிந்தது. அவளுக்குப் பின்னால் யாரோ தும்முவதும் கேட்டது.

அத்தை அபராதச் சீட்டை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "டிக்கெட் வாங்கினது சரிதான் மாப்ள," என்றார். "எனக்கும் சேத்து வாங்கணும்னு தோணுச்சு பாருங்க. அது நல்ல குணம்."

இத்தனை வருஷமாகப் பாக்கி நின்ற வார்த்தை, கேட்காமலே வந்து சேர்ந்தது. மாப்பிள்ளை இருக்கையில் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

பஸ் பாதித் தூரம் வந்த பிறகு அத்தை அபராதச் சீட்டைச் சின்னதாக மடித்து அவன் சட்டைப் பையில் திணித்தார்.

"மாப்ள."

"சொல்லுங்க அத்தை."

"இது மாமாவுக்கு மட்டும் தெரியக் கூடாது."